கடைமடைக்கு ஒரு கட்டம்

2022 ஆகஸ்டில் தமிழக முதல்வர் ஸ்டாலின், ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். சித்தூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே ஆந்திரா கட்ட நினைத்த இரண்டு நீர்த்தேக்கங்களைக் கைவிடச் சொல்லி. அவை வந்தால் பூண்டி ஏரிக்கு நீர்வரத்து குறையும், சென்னைக் குடிநீர் பாதிக்கப்படும் என்பது வாதம். இரு மாநில ஆற்றில் கீழே இருப்பவரைக் கேட்காமல் மேலே இருப்பவர் கை வைக்கக்கூடாது. நியாயம்தான். இந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி 3,727 சதுர கிலோமீட்டர். அதில் 877 ஆந்திராவில் இருக்கிறது.

ஆனா, இதே நியாயத்தை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். ஆறு பூண்டியோடு முடிவதில்லை. தாமரைப்பாக்கம், வல்லூர் தாண்டி, மணலிப் புதுநகரை ஒட்டி வந்து எண்ணூரில் கடலைத் தொடுகிறது. சித்தூர் சென்னையைக் கேட்க வேண்டும் என்றால், சென்னை எண்ணூரைக் கேட்க வேண்டாமா?

இந்த ஆற்றின் மீது நகரத்தின் கை பழையது. தாமரைப்பாக்கத்தில் திருப்பிய தண்ணீர் சோழவரம் போய், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்குப் போனது. 1872-ல் அந்த ஏரித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தது. அதுவும் போதாமல், சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது பூண்டித் திட்டம் பிறந்தது. 1940-ல் அடிக்கல். உலகப் போர் நடுவே வேலை முடிந்து 1944-ல் திறந்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 1943-லேயே இறந்துவிட்டார். அவர் பெயரைத்தான் ஏரிக்கு வைத்திருக்கிறார்கள். பிறகு கிருஷ்ணா நீருக்காகக் கொள்ளளவை 3,231 மில்லியன் கன அடியாக உயர்த்தினார்கள். கழிமுகத்துக்கும் ஆற்றுநீரில் பங்கு உண்டு என்ற பேச்சு 1944-ல் உலகத்தில் எங்குமே பெரிதாகக் கிடையாது. அதனால் அந்தத் தலைமுறையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பூண்டி இல்லாமல் இந்த நகரம் பிழைத்திருக்காது.

அணை ஆற்றை என்ன செய்கிறது என்பதில் நமக்கு ஒரு தப்பான படம் இருக்கிறது. தண்ணீரை மொத்தமாக நிறுத்திவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அது முக்கியமாக நிறுத்துவது சின்னத் தண்ணீரை. பருவமழையின் தொடக்க ஓட்டம், நடுத்தர மழையின் வரத்து, இதெல்லாம் ஏரியை நிரப்பப் போய்விடும். ஏரி நிறைந்த பிறகு பெருமழை வந்தால் மதகுகளைத் திறந்தே ஆக வேண்டும். ஆக, கீழே இருப்பவனுக்கு ஆறு என்றால் இரண்டே நிலைதான்: வறண்ட மணல், இல்லையென்றால் வெள்ளம்.

கழிமுகத்துக்கு வேண்டியதோ அந்தச் சின்னத் தண்ணீர். உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் நண்டும் வளரும். முகத்துவாரத்தில் சேரும் மணலைக் கடலுக்குத் தள்ளுவதும் ஆற்றின் ஓட்டம்தான். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுகங்களும் சேர்ந்து கழியைச் சுருக்கிய கதை தனி. ஓட்டம் குறைந்த ஆற்றால் அந்தக் கழிவைக் கழுவவும் முடியாது.

நிலத்துக்கு அடியிலும் இதே கதை. 1960-களில் மீஞ்சூர் வட்டாரத்தில் கிணறுகள் போட்டு எடுத்த தண்ணீர் மணலி ஆலைகளுக்குப் போனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்கியது தெரிந்துவிட்டது. 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். நல்ல தண்ணீரை உறிஞ்சிக் கடலை உள்ளே வரவிட்டோம். பிறகு மின்சாரம் செலவழித்துக் கடலிலிருந்து உப்பை எடுக்கிறோம்.

நான் திருவொற்றியூர்க்காரன். மழைக்காலத்தில் குடிநீர் வாரியத்தின் ஏரி நிலவர அட்டவணையைத் தினமும் பார்ப்பேன். கொள்ளளவு, இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் அதில் உண்டு. என் தொழிலில் ஒரு வழக்கம்: எதை அளக்கிறோமோ அதைத்தான் சரிசெய்வோம். எண்ணூருக்கு எவ்வளவு வந்தது என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை. மணலிப் புதுநகர்க்காரர்களுக்கு 'வெளியேற்றம்' என்பது வீட்டைக் காலி பண்ணுவதற்கான எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கழிக்குள் வந்தது. வலைகளும் படகுகளும் கறுப்பாயின.

சித்தூர் விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும். அவருக்கு நாம் மேலே இருந்து வாழும் நகரமாகத் தெரிவோம். அவரிடம் கேட்கும் நியாயத்தை நாமும் கடைப்பிடித்தால்தான் நம் வாதம் நிற்கும். புதிய அணை எங்கே வந்தாலும் "எவ்வளவு தேங்கும்" என்பதோடு "கடைமடையில் வருஷத்துக்கு எத்தனை நாள் ஓடும்" என்றும் கேட்க வேண்டும். பூண்டி நிறையும் வருடங்களிலாவது, வெள்ளத்துக்குக் காத்திராமல், சிறிது சிறிதாக ஆற்றில் விட ஒரு விதி வேண்டும். முதலில் அந்த அட்டவணையில் எண்ணூருக்கு ஒரு கட்டம் போடட்டும். பூஜ்யம் என்று எழுதினாலும் பரவாயில்லை, தினமும் எழுதட்டும்.