தாத்தாவின் கத்தியில் கற்பூர வாசனை

ஈசிஆர்ல சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போறப்ப, ரோட்டோரம் பாத்தி பாத்தியா வெள்ளையா தெரியுமே, அந்த மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்துலதான் எங்க தாத்தா வீடு. அங்கே இரும்புக்கு ஆயுசு கம்மி. உப்பு வாருறதுக்கே மரப்பலகைதான்.

தாத்தா விட்டுட்டுப் போன ஒரே பொருள் ஒரு பேனாக்கத்தி. முத்துச்சிப்பி மாதிரி மினுங்குற கைப்பிடி. போன மாசம் டப்பாவைத் திறந்தா, பிளேடு முழுக்கத் துரு, குழி குழியா. "உப்புக் காத்துடா, விடு"ன்னு மாமா சொல்லிட்டார்.

ஆனா நமக்கு பக் வந்தா காரணம் தேடாம தூக்கம் வராதே. சமையல்கட்டு ஜன்னல்ல, கடல் காத்து நேரா படுற இடத்துல, மரப்பிடி போட்ட மீன் கத்தி நல்லாத்தான் இருக்கு. மூடின டப்பாவுல இருந்தது மட்டும் ஏன் போச்சு? அதே டப்பாவுல இருந்த பித்தளைச் சாவியும் பச்சை பூத்திருந்தது. கைப்பிடியை விரலால் சூடு வர தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசனை!

அந்தக் கைப்பிடி செல்லுலாய்டு. 1860-களில் பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தம் போதவில்லை. மாற்றுப் பொருள் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாட், 1870-ல் இதற்குப் பேடன்ட் வாங்கினார். பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்து அழுத்தினால் செல்லுலாய்டு. தந்தம், ஆமை ஓடு, முத்துச்சிப்பி என எதைப் போலவும் வேஷம் போடும். சீப்பு, பேனா, கத்திப்பிடி என்று உலகமெல்லாம் பரவியது. தேவை அவ்வளவு கூடியதால், 1899-ல் தைவான் கற்பூரத்தை ஜப்பான் அரசு தன் ஏகபோகமாகவே ஆக்கிக்கொண்டது.

பிரச்சினை என்னன்னா, உள்ளே போன அமிலம் ஒருநாள் வெளியே வரும். செல்லுலாய்டு வயதாகிச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசியும். ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். சூடும் ஈரமும் கூடினால் வேகமும் கூடும். மரக்காணத்தில் இரண்டுக்கும் பஞ்சமா? மூடின டப்பாவில் அந்த வாயு வெளியேறவும் வழியில்லை. ஆக, உப்புக் காத்து நிரபராதி இல்லை, ஆனா முதல் குற்றவாளி கைப்பிடிதான். பழைய நைட்ரேட் சினிமா ஃபிலிமும் இதே குடும்பம். எரியும், சிதையும். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று பார்க்கக்கூடக் கிடைக்காத காலத்தின் ஃபிலிம் அது.

அடுத்து வந்தது பேக்கலைட். இதுக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டு. அப்போ மின்சாரக் கருவிகளுக்கு இன்சுலேஷன் நம்ம அரக்கு. பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போகும். நம்ம கொல்லர்கள் கத்தியின் வாலைப் பிடிக்குள் இறுக்கப் பயன்படுத்திய அதே அரக்கு. அதற்கு மாற்று தேடிய லியோ பேக்லேண்ட், பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து 1907-ல் புதுப் பொருளை உருவாக்கி, 1909-ல் அறிவித்தார். ஒருமுறை இறுகினால் உருகாது. அதே வகைப் பிசினில் துணியையும் காகிதத்தையும் ஊறவைத்து அழுத்தினால் வருவது மைக்கார்ட்டா. கையால் கத்தி செய்பவர்கள் இன்றும் பழைய மைக்கார்ட்டாவைத் தேடிப் பிடிக்கிறார்கள். நம்ம வீட்டு சுவிட்ச் போர்டில் இருந்த ஹைலம் ஷீட்டும் இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான்.

இப்போ என் முன்னாடி ரெண்டே வழி. தாத்தா கை பட்ட பிடியை வெச்சுக்கிட்டா பிளேடு சாகும். பிளேடு வேணும்னா பிடியைக் கழற்றணும்.

கழற்றிட்டேன். செல்லுலாய்டு சுலபமா தீப்பிடிக்கும்கிறதால மெஷின் தொடாம, ரிவெட்டைக் கையாலயே அராவி எடுத்தோம். பழைய பிடி இப்போ காத்தோட்டமான தனிப் பெட்டியில, எந்த உலோகமும் பக்கத்துல இல்லாம இருக்கு. புதுப் பிடிக்கு, தாத்தா வீட்டு உடைஞ்ச சுவிட்ச் போர்டு ஹைலத்தைப் பட்டறையில் கொடுத்தேன். அதோட தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம்.

குழி விழுந்த பிளேடு அப்படியேதான் இருக்கு. ஆனா இனி ஆழமாகாது. தாத்தா தினமும் லைட் போட்ட போர்டு, இப்போ என் உள்ளங்கையில.

உங்க வீட்டு அலமாரியில இப்படி ஒரு கத்தியோ பேனாவோ இருந்தா, இன்னைக்கே முகர்ந்து பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.