ஃபெரைட் நானோ படிகங்களின் வெப்பத் திறன்: அளவீட்டு முறை குறித்து

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அறிவியல் ஆய்வுக்குக் களம் உண்டு. ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இத்தகைய ஊர்களின் ஆய்வகங்களுக்கு ஃபெரைட் நானோ படிகம் நன்கு பொருந்தும் பொருள். தயாரிக்கப் பெருஞ்செலவு இல்லை. ஃபெரஸ், ஃபெரிக் உப்புகளை 1:2 மோல் விகிதத்தில் கரைத்து, நைட்ரஜன் செலுத்தியபடி அமோனியாவைச் சேர்த்தால் கரைசல் கறுத்துவிடும். வீழ்படிவைக் காந்தத்தால் ஈர்த்துக் கழுவி உலர்த்தினால், ஏறத்தாழ 10 நானோமீட்டர் மாக்னடைட் என்ற ஃபெரைட் கையில் இருக்கும். மாஸார் 1981இல் வெளியிட்ட வழியை ஒட்டியதுதான் இது.

இத்துகளைக் கட்டிக்குள் செலுத்தி, திசை மாறும் காந்தப் புலத்தால் சூடாக்குவதுதான் புற்றுநோய் வெப்பச் சிகிச்சை. சிக்கல் அதற்கான சோதனையில்தான் இருக்கிறது. எக்ஸ் கதிர் வரைபடத்தையும் காந்தமாக்க வளைவையும் மட்டும் காட்டிவிட்டு, ‘புற்றுநோய் வெப்பச் சிகிச்சைக்கு ஏற்றது’ என்று முடிப்பதை ஏற்க முடியாது. அந்த வளைவு நிலையான புலத்தில் எடுக்கப்பட்டது. வெப்பமோ, நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் புலத்தில் பிறப்பது. கில்கிரிஸ்டும் குழுவினரும் 1957இல் நிணநீர் முடிச்சுகளைச் சூடாக்கியது 1.2 மெகாஹெர்ட்ஸ் புலத்தில்தான்.

வெப்பத்தை நேரடியாக அளந்தாலும் போதாது. 1 மில்லிலிட்டர் நீரில் 5 மில்லிகிராம் துகள். புலம் மீட்டருக்கு 10 கிலோ ஆம்பியர், அதிர்வெண் 300 கிலோஹெர்ட்ஸ். தொடக்கத்தில் நொடிக்கு 0.03 டிகிரி ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நீரின் தன்வெப்பம் கிராமுக்கு, டிகிரிக்கு 4.18 ஜூல். கணக்குப் போட்டால் கிராமுக்குச் சுமார் 25 வாட் வரும். தலைப்பில் போடத்தக்க எண்தான். ஆனால் புலத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் 300 கோடி. மனித உடல் தாங்கும் எல்லையாக 1980களில் சொல்லப்பட்டது 48.5 கோடி, இது அதைப்போல ஆறு மடங்கு. அந்த எல்லைக்குள், 100 கிலோஹெர்ட்ஸில், மீட்டருக்கு 4.85 கிலோ ஆம்பியர் புலத்தில் இதே துகளை வைத்தால், வெப்பம் புலத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் ஒட்டி மாறும் என்ற வழக்கமான அனுமானப்படி, கிராமுக்கு 2 வாட்கூட மிஞ்சாது. சிறிய உறுப்புப் பகுதிக்கு எல்லையைப் பத்து மடங்கு தளர்த்தலாம் என்று ஹெர்க்ட்டும் டூட்ஸும் 2007இல் வாதிட்டது உண்மையே. அப்படியானால் எந்த எல்லையை எடுத்துக்கொண்டோம் என்று கட்டுரை சொல்லியாக வேண்டும்.

நீரில் எடுத்த அளவு திசுவுக்குச் செல்லாது என்பது இன்னொன்று. கட்டிக்குள் துகள்கள் செல்களில் சிக்கிக்கொள்ளும். முழுத் துகளும் சுழன்று வெப்பம் தரும் பிரவுன் வழி அடைபடும். துகளுக்குள் காந்தத் திருப்புத்திறன் மட்டும் திரும்பும் நீல் வழிதான் மிஞ்சும். காந்தத் திசைப்பிடிப்பு மிகுந்த கோபால்ட் ஃபெரைட் இதில் பெரிதும் இழக்கக்கூடும். எனவே அகர் கூழிலும் ஒரு முறை அளக்க வேண்டும். அதற்குச் செலவு அற்பம். துத்தநாகம் சேர்த்துக் கியூரி வெப்பநிலையைக் குறைத்து, துகள் தானாகவே ஓர் அளவில் சூடாவதை நிறுத்தச் செய்யும் மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட்டுக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

சோதனைக் குழாயைச் சுற்றி வெப்பக் காப்பு தேவை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர், சுற்றுவதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. உலோக வெப்பமின்னிரட்டை அந்தப் புலத்தில் தானே சூடாகிவிடும். ஒளியிழை வெப்பமானிதான் ஏற்றது. சித்திரை வெயிலில் அறை வெப்பநிலையே 35 டிகிரியைத் தொடும் இவ்வூர்களில், துகள் இல்லாத வெறும் நீரையும் அதே சுருளில் வைத்து அளந்து அந்த ஏற்றத்தைக் கழிக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது: புலம், அதிர்வெண், செறிவு, ஊடகம் ஆகிய நான்கும் குறிக்கப்படாத வெப்பத் திறன் எண்ணை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.