எவ்வளவு ஆழம் கற்க வேண்டும்? – எனியாக் பெண்களும் ஏரியன் ராக்கெட்டும்



கணினி நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியவை. எத்தனை மொழி தெரிந்திருக்க வேண்டும்? ஸ்கிராட்ச் முடிந்துவிட்டதே, அடுத்துப் பைத்தானா, ஜாவாவா? விடுமுறைக் காலப் பயிற்சி வகுப்புகளின் விளம்பரத் தாள்களும் இந்தக் கேள்விக்கே தீனி போடுகின்றன. ஒரு மொழியை, ஒரு கருவியை எவ்வளவு ஆழமாகக் கற்க வேண்டும் என்று கேட்பவர் மிகச் சிலரே. கணினி வரலாற்றில் இதற்கு விடை தேடினால், ஐம்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரு நிகழ்வுகள் கண்முன் வந்து நிற்கின்றன.

முதலாவது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணக்கிட, கணிதம் படித்த இளம்பெண்கள் பலர் அங்கு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தனர். 'கம்ப்யூட்டர்' என்பது அப்போது அவர்களுடைய பதவியின் பெயர், இயந்திரத்தின் பெயரன்று! ஒரே ஒரு குண்டின் பாதையைக் கைக்கணக்கால் முடிக்க ஏறத்தாழ 30 மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். அந்த வேலையை விரைவுபடுத்தவே எனியாக் என்னும் மின்னணுக் கணினி உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள், 40 பலகங்கள், 30 டன் எடை.

1945இல் அப்பெண்களுள் அறுவர் எனியாக்கிற்கு நிரல் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கே மெக்நல்ட்டி, பெட்டி ஸ்னைடர், ஜீன் ஜென்னிங்ஸ், மார்லின் வெஸ்காஃப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் ஆகியோரே அவர்கள். நிரல் மொழி என்ற ஒன்று அவர்களுக்கு இல்லை. வழிகாட்டி நூலும் இல்லை. தொடக்கத்தில் இராணுவப் பாதுகாப்பு அனுமதி கிடைக்காததால் இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையவும் முடியவில்லை. கையில் கிடைத்தவை பலகங்களின் வரைபடங்கள் மட்டுமே. அவற்றை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பலகமும் என்ன செய்கிறது என்று தாங்களே ஆராய்ந்தனர். புரியாதவற்றைப் பொறியாளர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தனர். நிரல் எழுதுவது என்பது அந்நாளில் கம்பிகளைச் செருகுவதும் சுவிட்சுகளைத் திருப்புவதுந்தான். நாளடைவில், கணக்குத் தவறினால் எந்தப் பலகத்தில், எந்தக் குழலில் கோளாறு என்று சுட்டிக்காட்டும் அளவுக்கு அவர்கள் தேறிவிட்டனர்.

இந்த ஆழம் ஆர்வத்தால் மட்டும் வந்ததன்று. வெற்றிடக் குழல்கள் அடிக்கடி பழுதாகும். விடை தவறாக வந்தால் குற்றம் நிரலிலா, குழலிலா என்று பிரித்தறிந்தாக வேண்டும். கீழே உள்ள அடுக்கை நம்ப முடியாதபோது அதையும் கற்றே தீர வேண்டியிருந்தது.

1946 பிப்ரவரி 15ஆம் நாள் எனியாக்கின் பொது விளக்கக் காட்சி. முந்தைய நாள் வரை ஒரு பிழை தீரவில்லை. குண்டின் பாதையைச் சரியாகக் கணக்கிட்ட நிரல், குண்டு தரையைத் தொட்ட பிறகும் நிற்காமல், அது மண்ணுக்குள் புகுந்து போய்க்கொண்டே இருப்பதுபோல் கணக்குப் போட்டது! ஜீனும் பெட்டியும் தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை. இரவு உறங்கி எழுந்த பெட்டிக்கு விடை தெரிந்துவிட்டது. காலையில் நேரே சென்று ஒரே ஒரு சுவிட்சை மாற்றினார், பிழை தீர்ந்தது. உறக்கத்தில் விடை வருவது அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வர். ஆயிரக்கணக்கான சுவிட்சுகளின் இடமும் வேலையும் மனத்தில் பதிந்திருந்தவருக்கே அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்பது என் கருத்து.

அன்றைய விருந்துக்கு அந்த அறுவரும் அழைக்கப்படவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்னும் மாணவி பழைய புகைப்படங்களைக் கண்டு இவர்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரத்தின் அருகே அழகுக்காக நிறுத்தப்பட்ட விளம்பரப் பெண்கள் என்றே அவருக்கு விடை கிடைத்ததாம்.

பின்னர் காலம் மாறியது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1957இல் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. கணிதச் சூத்திரம் போல எழுதினால் போதும். இயந்திரக் கட்டளையாக மாற்றுவதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். இதைக் குறையென்று நான் கருதவில்லை. குழல்களைப் பற்றிய கவலை நீங்கியதால்தான் மனிதர்கள் பெரிய சிக்கல்களைப் பற்றிச் சிந்திக்க முடிந்தது. ஆனால் கீழ் அடுக்கை மறக்கலாம் என்னும் வசதியோடு, அதன் எல்லையையும் மறந்துவிடும் ஆபத்து உடன் வந்தது.

அதற்குச் சான்று 1996 ஜூன் 4. தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. உள்ளே கிளஸ்டர் என்னும் நான்கு ஆய்வுத் துணைக்கோள்கள். நாற்பது வினாடிக்குள், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், ராக்கெட் திசைமாறி வெடித்துச் சிதறியது.

விசாரணைக் குழு அறிக்கை அதே ஆண்டு ஜூலையில் வந்தது. ராக்கெட்டின் திசையையும் அசைவையும் அறிந்து சொல்லும் கருவியின் நிரல், முந்தைய ஏரியன் 4இலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. அதில் ஓரிடத்தில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டும். அந்தப் 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. எட்டு இலக்கக் கால்குலேட்டரில் 99999999ஐ இரண்டால் பெருக்கினால் திரையில் பிழைக்குறி தோன்றுமல்லவா, அதுபோன்ற நிலைதான் இது. ஏரியன் 4 அந்த எல்லையைத் தாண்டியதே இல்லை. ஏரியன் 5இன் பாதை வேறு. கிடைமட்ட வேகம் மிக அதிகம். எண் வழிந்தது, கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் நின்றிருந்தது. கருவி அனுப்பிய பிழைக் குறிப்பைத் தலைமைக் கணினி பறக்கும் தரவு என்று எண்ணி, ராக்கெட்டைத் திருப்பிவிட்டது.

இதில் என்னைச் சிந்திக்க வைப்பது ஒன்றுண்டு. அந்நிரலை எழுதியவர்கள் மொழி தெரியாதவர்கள் அல்லர். அடா என்னும் அம்மொழி, எண் வழிந்தால் உடனே பிழையென்று அறிவிக்கும். அபாயமுள்ள ஏழு எண் மாற்றங்களை அவர்கள் ஆராய்ந்தனர்; கணினியின் வேலைப்பளுவைக் குறைக்க வேண்டி நான்கிற்கு மட்டும் பாதுகாப்பு வைத்தனர். மீதி மூன்றும் எல்லை தாண்டா என்று கணித்தனர். ஏரியன் 4ஐப் பொறுத்தவரை அது சரியான கணிப்பு. அந்தக் கணிப்பு ஏரியன் 5க்குப் பொருந்துமா என்று பின்வந்தவர்கள் சோதிக்கவில்லை; புதிய பாதையின் விவரங்கள் அக்கருவிக்கான தேவைக் குறிப்பில் இடம்பெறவே இல்லை. இன்னுங் கேளுங்கள்: பழுதான அந்த நிரல் பகுதிக்கு ஏரியன் 5 புறப்பட்ட பிறகு எந்த வேலையுமே இல்லை. முன்பு தேவைப்பட்டது என்பதற்காக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே 'ஆழம்' என்றால் எல்லா அடுக்கையும் குழல் வரை கற்பது என்று நான் பொருள் கொள்வதில்லை. இன்று எந்த மனிதராலும் அது இயலாது. நம்பிப் பயன்படுத்தும் கருவி எங்கே நின்றுபோகும், யாருக்காக, எந்த நிலைமைக்காகச் செய்யப்பட்டது என்று அறிந்திருப்பதே அந்த ஆழம். ஐந்து மொழிகளின் தொடக்கப் பாடங்களை முடித்த பிள்ளைக்கு இது வந்துவிடாது. ஒரே மொழியை உடைத்துப் பார்த்த பிள்ளைக்கு வரும்.

தொடக்கப்பள்ளியிலேயே இதைச் செய்து பார்க்கலாம், ஆசிரியர்களே. ஸ்கிராட்ச்சில் ஒரு மாறியில் 'வாழை' என்று வைத்து, கூட்டல் கட்டத்தின் ஒரு பக்கம் அந்த மாறியையும் மறுபக்கம் 5ஐயும் இடச் சொல்லுங்கள். விடை 5 என்று வரும். எழுத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டு ஸ்கிராட்ச் பேசாமல் போய்விடும். அடாவைப் போலக் கூவாது. என் மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்படியென்றால் நான் போன வாரம் செய்த விளையாட்டிலும் இப்படி நடந்திருக்குமா ஐயா?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் தன் நிரலைத் திறக்கத் தொடங்கினாள்.