நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் தீவிரக் கட்டத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பிகள்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) உள்ளவருக்கு இருமல், சளி, மூச்சிரைப்பு ஆகியவை வழக்கத்தை மீறிச் சில நாட்களில் முற்றுவதைத் தீவிரமடைதல் என்பர். வைரஸ், காற்று மாசு, பாக்டீரியா என இதற்குக் காரணங்கள் பல. ஹீமோபிலஸ் இன்ஃபுளூயென்சே, நிமோகாக்கஸ், மொராக்செல்லா ஆகியவை சளியில் அதிகம் காணப்படும் பாக்டீரியாக்கள். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து பாக்டீரியாவுக்கு மட்டுமே வேலை செய்யும் என்பதால், அதை யாருக்குத் தருவது என்பதே இச்சிகிச்சையின் மையக் கேள்வி.

1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டபின் பிரிட்டனில் இந்நோயின் ஒரு வடிவமான நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது. அடிக்கடி வரும் சளித்தொற்றே நுரையீரலைச் சிதைக்கிறது என்று அன்று பலர் நம்பினர். அதனால் குளிர்காலம் முழுவதும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பியைக் கொடுத்துப் பார்த்தனர். நோயாளிகள் வேலைக்குப் போகாமல் முடங்கிய நாட்கள் குறைந்தன; நுரையீரலின் திறன் தேய்வது நிற்கவில்லை. லண்டன் ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977இல் பழியைப் புகைபிடித்தல் மேல் சுமத்தினர். பழைய கருத்து அத்துடன் செல்வாக்கிழந்தது.

இன்றைய வழிகாட்டுதல்களுக்கு அடித்தளமாக இருப்பது கனடாவின் வின்னிபெக் நகரில் ஆந்தொனிசென் குழு நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு. 173 நோயாளிகளுக்கு நேர்ந்த 362 தீவிரமடைதல்களில் பாதிக்கு மருந்தும் பாதிக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மூச்சிரைப்பு கூடுதல், சளியின் அளவு கூடுதல், சளி சீழ்த்தன்மை அடைதல் ஆகிய மூன்றும் இருந்தால் முதல் வகை. இரண்டு இருந்தால் இரண்டாம் வகை. ஒன்று மட்டும் இருந்து, அதனுடன் ஜலதோஷம், காய்ச்சல் போன்றவையும் சேர்ந்தால் மூன்றாம் வகை. மொத்தத்தில் மருந்து தரப்பட்ட தீவிரமடைதல்களில் 68 விழுக்காடும் வெற்று மாத்திரை தரப்பட்டவற்றில் 55 விழுக்காடும் தணிந்தன. முதல் வகையில்தான் பலன் தெளிவாக இருந்தது. மூன்றாம் வகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்தில்லாமலே பாதிக்கு மேற்பட்டவை தணிந்ததும் கவனிக்கத்தக்கது.

இம்மூன்று அறிகுறிகளில் நம்பத்தக்க அடையாளம் சளியின் நிறமே. வெள்ளணுக்களில் உள்ள மியலோபெராக்சிடேஸ் என்னும் நொதிதான் சளியைப் பச்சையாக்குகிறது. ஸ்டாக்லி குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில் சீழ்ச்சளி மாதிரிகளில் 84 விழுக்காட்டிலும் வெண்சளியில் 38 விழுக்காட்டிலும் பாக்டீரியா வளர்ந்தது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதத்தின் அளவை இரத்தத்தில் பார்த்து முடிவெடுப்பதும் தேவையற்ற மருந்துச்சீட்டுகளைக் குறைக்கிறது.

செயற்கை சுவாசம் தேவைப்படும் அளவுக்கு முற்றியவர்களுக்கு நிறம் பார்த்துக் காத்திராமல் மருந்து தொடங்கப்படுகிறது. மற்றவர்களில் மருந்து தேவைப்படுவோருக்கு அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவற்றில் ஒன்று, பொதுவாக ஐந்து நாட்கள். காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் லீவோஃபிளாக்சசின் வகை மருந்துகள் காசநோயைத் தற்காலிகமாக மறைத்துவிடக்கூடும் என்பதால், அவற்றைத் தொடங்குமுன் சளிப் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.