சுடுகாட்டு மல்லி கப்பல் ஏறிய கதை

தூத்துக்குடி என்றதும் முத்து, உப்பு, வ.உ.சி. விட்ட கப்பல் என்று வரிசையாக நினைவுக்கு வரும். இந்த வரிசையில் யாரும் சேர்க்காத ஒரு பெயர் உண்டு. நித்தியகல்யாணி! வேலியோரம், தரிசு நிலம், கல்லறை என்று எங்கும் தானாக முளைத்து நிற்கும் அந்த இளஞ்சிவப்புப் பூதான். சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கு ஒரு பெயர்.

இத்தனைக்கும் இது நம் ஊர்ச் செடியே அல்ல. பிறந்த இடம் மடகாஸ்கர் தீவு. அழகுக்காகத் தோட்டங்களுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து தப்பி வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் காட்டுச் செடியாகிவிட்டது.

எப்படி இவ்வளவு பரவியது? வருடம் முழுவதும் பூக்கும். காய் முற்றி வெடித்தால் பொடிப்பொடியான கறுப்பு விதைகள் கொட்டும். அவற்றை எறும்பு இழுத்துப் போகும், மழைநீர் அடித்துப் போகும். கொஞ்சம் மண் இருந்தால் போதும், வறட்சியையும் தாங்கிவிடும். முக்கியமாக, ஆடுமாடு வாய் வைக்காது. அவ்வளவு கசப்பு! இலையிலும் வேரிலும் நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் இருப்பதுதான் காரணம்.

அந்தக் கசப்புதான் கதையைத் திருப்பியது. ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க 1952-ல் கனடாவுக்குச் சில இலைகள் போயின. ராபர்ட் நோபிள் ஆராய்ந்தார். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அப்படியானால் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே! 1958-ல் அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். 1963-ல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டினுக்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. அதற்குப் பிந்தைய காலத்தில்தான் தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிரானது. விதைத்த ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிப்பு, ஓராண்டில் வேர் அகழ்வு. காய்ந்த இலையும் வேரும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறின.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை. விவசாயி விற்பது மூட்டைக் கணக்கில், மருந்து விற்பது மில்லிகிராம் கணக்கில். லாபமும் காப்புரிமையும் அந்த மில்லிகிராமோடுதான் போயின. செடியின் தாய்நாடான மடகாஸ்கருக்கே பங்கு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2022-ல் இன்னொரு திருப்பம். வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை ஈஸ்ட்டை வைத்தே உருவாக்கிக் காட்டினார்கள் விஞ்ஞானிகள். மருந்து தட்டுப்பாடு இல்லாமல் கிடைத்தால் நோயாளிகளுக்கு நல்லதுதான். ஆனால் இலையை நம்பிய புஞ்சைக்காரர்களுக்கு? ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து இயற்கை முத்தின் சந்தையை எப்படி விழுங்கியது என்பதை இந்தக் கடற்கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. மூலப்பொருளை மட்டும் விற்பவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

பூவுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கல்லறை ஓரத்தில் பூத்துக்கொண்டேதான் இருக்கும்.