கஞ்சாவும் வாக்குச்சீட்டும்: அமெரிக்க மாநிலத் தேர்தல்களில் ஒரு கேள்வி கடந்துவந்த பாதை, 1972–2024

2012 நவம்பர் 6 அன்று கொலராடோ மாநிலத்தில் பராக் ஒபாமா ஏறத்தாழ 13 லட்சத்து 23 ஆயிரம் வாக்குகள் பெற்று வென்றார். அதே வாக்குச்சீட்டில், 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சாவைச் சட்டப்படி வாங்கவும் வைத்திருக்கவும் வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம் 64-உம் இருந்தது. அதற்கு ‘ஆம்’ என்று வாக்களித்தவர்கள் 13 லட்சத்து 83 ஆயிரம் பேர். மாநிலத்தில் வென்ற குடியரசுத் தலைவரைவிட அறுபதாயிரம் வாக்குகள் கூடுதல். ஒபாமா அந்தத் திருத்தத்தை ஆதரிக்கவில்லை. மிட் ராம்னியும் ஆதரிக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மாநில ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பரும் டென்வர் மேயர் மைக்கேல் ஹான்காக்கும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள்.

இந்தக் கணக்கை ஒரு மாநிலத்தின் விசித்திரம் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் கஞ்சா அரை நூற்றாண்டாகத் தேர்தல் பிரச்சினையாக இருந்துவருகிறது. ஆனால் வேட்பாளர்களை வெல்லவோ தோற்கவோ வைத்த பிரச்சினையாக அது அநேகமாக இருந்ததே இல்லை. வேட்பாளர்களை விட்டு விலகி, வாக்குச்சீட்டின் அடிப்பகுதியில் தனிக் கேள்வியாக நின்றதால்தான் அது வென்றது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த விலகலுக்கு ஒரு விலையும் இருந்தது. மக்களின் தீர்ப்பைத் தாங்கிப் பிடிக்கும் கடமை எந்த அரசியல்வாதிக்கும் இல்லாமல் போனது. மாநிலம் அனுமதித்ததை ஒன்றிய அரசின் சட்டம் இன்னும் குற்றம் என்கிறது. இடையில் சிக்கியவர்கள் சாதாரண மக்கள்.

இதற்கு வழிவிட்ட நடைமுறை பழையது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வாக்காளர்கள் கையொப்பமிட்டால் ஒரு சட்ட வரைவைச் சட்டமன்றத்தைக் கேட்காமலே நேரடியாகப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். ஓரிகன் 1902-லும் கலிபோர்னியா 1911-லும் இதை ஏற்றன. இரயில் நிறுவனங்களின் பிடியில் சட்டமன்றங்கள் இருந்த காலத்தில், அந்தப் பிடியைத் தளர்த்தச் சீர்திருத்தவாதிகள் கண்ட வழி இது. இன்று ஏறத்தாழ பாதி மாநிலங்களில் மட்டுமே இந்த உரிமை உண்டு. கஞ்சாச் சட்டங்களின் வரைபடம் நீண்டகாலம் இந்த உரிமையின் வரைபடத்தை ஒட்டியே நகர்ந்தது.

மூன்றில் ஒரு பங்கு

1937-இல் வரிச் சட்டம் என்ற பெயரில் வந்த தடை, 1970-இல் முழு வடிவம் பெற்றது. அவ்வாண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தது. மருத்துவப் பயன் எதுவுமில்லை, துஷ்பிரயோக அபாயம் மிக அதிகம் என்பது அந்தப் பட்டியலின் இலக்கணம். இந்த வகைப்பாட்டை ஆராயப் பென்சில்வேனியாவின் முன்னாள் குடியரசுக் கட்சி ஆளுநர் ரேமண்ட் ஷாஃபர் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்கக் கூடாது என்று 1972 மார்ச்சில் அது பரிந்துரைத்தது. ரிச்சர்ட் நிக்சன் அதை நிராகரித்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் 1893–94-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த இந்தியக் கஞ்சா ஆணையமும் முழுத் தடை வேண்டாம் என்றே சொன்னது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். அரசே அமைத்த குழு நிதானமாக ஆராய்ந்து எழுதியதை ஆட்சியாளர்கள் ஏற்காமல் போவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

அதே 1972 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள், கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமற்றதாக்கும் முன்மொழிவு 19-ஐச் சந்தித்தார்கள். நாடு முழுவதும் பதினெட்டு வயதினர் வாக்களித்த முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் அது. வியட்நாம் போர் எதிர்ப்பின் அலை ஓயவில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கினரே ஆதரித்தார்கள். தேசிய அளவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்னின் மீது எதிராளிகள் ஒட்டிய முத்திரையில் கஞ்சாவும் ஒன்று. அவர் 49 மாநிலங்களில் தோற்றார். அந்தத் தோல்விக்குக் கஞ்சா காரணமல்ல. ஆனால் கட்சிக்காரர்கள் அதிலிருந்து கற்ற பாடம், இந்தப் பேச்சே வேண்டாம் என்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

நடுவில் ஒரு தளர்வு வந்தது. 1973-இல் ஓரிகன் தொடங்கி 1978 வரை பதினொரு மாநிலங்கள் சிறிய அளவில் வைத்திருப்பதற்கான தண்டனையை அபராதமாகக் குறைத்தன. எல்லாமே சட்டமன்றங்கள் செய்தவை. 1977-இல் ஜிம்மி கார்ட்டர், ஓர் அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 28 கிராம் வரை வைத்திருப்பதற்கு ஒன்றியக் குற்றத் தண்டனை வேண்டாம் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டார். அது நிறைவேறவில்லை. பிறகு பெற்றோர் இயக்கங்கள் எழுந்தன, ரேகன் ஆட்சி வந்தது, கதவு மூடிக்கொண்டது. 1986-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க ஓரிகனில் வைத்த முன்மொழிவுக்கு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ‘இல்லை’ என்றார்கள். 1990-இல் அலாஸ்கா வாக்காளர்கள் முன்பிருந்த தளர்வையே திரும்பப் பெற்றார்கள்.

நோயாளி வாக்குச்சீட்டுக்கு வந்தபோது

திருப்பம் நிகழ்ந்த இடம் சான் பிரான்சிஸ்கோ, நிகழ்த்தியது எய்ட்ஸ். 1980-களின் இறுதியில் அந்த நகரில் இளைஞர்கள் உடல் மெலிந்து, உண்ட உணவு தங்காமல் இறந்துகொண்டிருந்தார்கள். கஞ்சா குமட்டலைத் தணித்துப் பசியைத் தூண்டியது என்பதை நோயாளிகள் தங்கள் உடலிலேயே அறிந்தார்கள். நகரின் பொது மருத்துவமனை எய்ட்ஸ் பிரிவில் தன்னார்வலராகப் பணியாற்றிய மேரி ரத்பன் என்ற முதிய பெண்மணி, கஞ்சா கலந்த பிரௌனி கேக்குகளைச் செய்து நோயாளிகளுக்குக் கொடுத்தார், கைதும் ஆனார். தன் துணைவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த டென்னிஸ் பெரோன் 1991-இல் நகர அளவில் ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தார். மருத்துவக் கஞ்சாவை ஆதரித்த அதற்கு ஏறத்தாழ 80 சதவீத வாக்குகள் கிடைத்தன.

கலிபோர்னியச் சட்டமன்றமும் இரண்டு முறை மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் பீட் வில்சன் இரண்டையும் தடுத்தார். பிரதிநிதித்துவ வழி அடைபட்ட பிறகே இயக்கத்தினர் நேரடி வாக்கெடுப்புக்குப் போனார்கள் என்பதை வலியுறுத்த வேண்டும். 1996-இல் முன்மொழிவு 215 உருவானது. ஜார்ஜ் சோரோஸ், பீட்டர் லூயிஸ் போன்ற செல்வந்தர்கள் பணம் தந்தார்கள். மாநில அரசு வழக்குரைஞர் டான் லங்கிரன் ஆகஸ்டில் பெரோனின் கஞ்சா விநியோக மையத்தைச் சோதனையிட்டு மூடினார். பில் கிளிண்டனும் எதிர்த்தார், பாப் டோலும் எதிர்த்தார். முடிவில் முன்மொழிவுக்கு 55.6 சதவீதம் கிடைத்தது. அம்மாநிலத்தில் வென்ற கிளிண்டனுக்கு 51 சதவீதம். 2012-இல் கொலராடோ காட்டப்போகும் இடைவெளி இங்கேயே தெரிந்துவிட்டது.

1972-இல் வாக்காளர் மனதில் இருந்தவன் கல்லூரி மாணவன். 1996-இல் இருந்தவர் படுக்கையில் கிடந்த நோயாளி. செடி மாறவில்லை, ஒன்றியச் சட்டமும் மாறவில்லை. யாருக்காக இந்தக் கேள்வி என்பது மாறியது. அந்த மாற்றத்தை விளம்பர நிபுணர்கள் கண்டுபிடித்ததாகச் சில ஆய்வாளர்கள் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. விளம்பரத்தை நிபுணர்கள் செய்தார்கள், உண்மை. அதன் பொருளை மரணப்படுக்கைகள் கொடுத்தன.

இரண்டாண்டு கழித்துத் தலைநகர் வாஷிங்டனில் நடந்ததை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. 1998-இல் அங்கே மருத்துவக் கஞ்சாவுக்கான முன்மொழிவு 59 வாக்குச்சீட்டில் ஏறியது. ஜார்ஜியா உறுப்பினர் பாப் பார் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, இதற்காகத் தலைநகர் நிர்வாகம் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் தடை விதித்தது. மக்கள் வாக்களித்துவிட்டார்கள், முடிவை வெளியிட முடியவில்லை. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 1999 செப்டம்பரில்தான் 69 சதவீதம் ஆதரவு என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதன் பிறகும் ஏறத்தாழ பத்தாண்டுகள் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. நாடாளுமன்றத்தில் வாக்குரிமையுள்ள உறுப்பினர்கூட இல்லாத, கருப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. அவர்கள் போட்ட வாக்கின் முடிவையே பூட்டிவைத்தது மக்களாட்சிக்கு இழைத்த அநீதி.

பள்ளிக் கட்டடமும் வரியும்

மருத்துவப் பயன்பாட்டிலிருந்து பொதுப் பயன்பாட்டுக்குத் தாவுவது எளிதாக இல்லை. நெவாடாவில் 2002-இலும் 2006-இலும், அலாஸ்காவில் 2000-இலும் 2004-இலும், கொலராடோவில் 2006-இலும் தோல்வி. 2010-இல் கலிபோர்னியாவில் மற்றொரு முன்மொழிவு 19 வந்தது. ஓக்லாந்தில் கஞ்சா வளர்ப்புப் பயிற்சிப் பள்ளி நடத்திய ரிச்சர்ட் லீ அதை முன்னெடுத்தார். பொருளாதார நெருக்கடியில் மாநிலக் கருவூலம் காலியாக இருந்ததால் வரி வருமானம் வலுவான வாதமாக இருந்தது. ஆனாலும் 46.5 சதவீதத்தில் நின்றுவிட்டது. கஞ்சா சாகுபடிக்குப் பேர்போன ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி மாவட்டங்களே எதிர்த்து வாக்களித்தன. விலை வீழும், பெருநிறுவனங்கள் நுழையும் என்ற சிறு சாகுபடியாளர்களின் அச்சம் அதில் இருந்தது. பின்னாளில் கலிபோர்னியச் சந்தை போன போக்கைப் பார்த்தால் அந்த அச்சம் வீணானதல்ல.

2012-இல் வென்ற இரண்டு வரைவுகளையும் எதிராளிகளின் பதில்களாகப் படிக்க வேண்டும். கொலராடோ இயக்கத்தினர் கஞ்சாவை மதுவைப்போல் ஒழுங்குபடுத்துவோம் என்றார்கள். ஆண்டுதோறும் கலால் வரியின் முதல் 4 கோடி டாலர் பொதுப் பள்ளிக் கட்டடங்களுக்கு என்று வரைவிலேயே எழுதினார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் முன்மொழிவு 502 இன்னும் கறாரானது. வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்ற வரம்பை வைத்தது. பொதுப் பயனர்கள் வீட்டில் வளர்ப்பதை அனுமதிக்கவில்லை. மருத்துவக் கஞ்சா ஆர்வலர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கறார்தனத்தால்தான் முன்னாள் ஒன்றிய அரசு வழக்குரைஞர் ஜான் மெக்கே போன்றவர்கள் ஆதரவு மேடையில் ஏற முடிந்தது. இரண்டுமே 55 சதவீதத்தைத் தாண்டின. அதே நாளில் ஓரிகனில், கட்டுப்பாடுகள் தளர்வாக இருந்த வரைவு தோற்றது. கட்சியின் நிறமோ நிலப்பகுதியோ அல்ல, வரைவின் வாசகமே முடிவை நிர்ணயித்தது என்பதற்கு இந்த ஒப்பீடு போதும்.

2013-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் வெளியிட்ட அறிக்கை வேறொரு பக்கத்தைத் திறந்தது. கஞ்சாப் பயன்பாடு இரு இனத்தவரிடமும் ஏறக்குறைய சமமாக இருந்தபோதும், அதை வைத்திருந்ததற்காகக் கருப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைப்போல் 3.73 மடங்கு என்று அது காட்டியது. வேலை, வாடகை வீடு இரண்டிலும் அந்தக் கைதுப் பதிவு ஒருவரைத் துரத்தும். அதன்பின் எழுதப்பட்ட வரைவுகளில் பழைய தண்டனைகளை நீக்குவதும் குறைப்பதும் இடம்பெறத் தொடங்கின. 2016-இல் 57 சதவீதத்தில் வென்ற கலிபோர்னிய முன்மொழிவு 64 இதற்கு முன்னுதாரணம். என்னைப் பொறுத்தவரை இந்த முழு வரலாற்றிலும் மிகத் தேவையான மாற்றம் இதுதான்; மிகத் தாமதமாக வந்ததும் இதுதான்.

வேட்பாளர்கள் எங்கே?

2018 ஜூனில் ஓக்லஹோமா மருத்துவக் கஞ்சாவை ஏற்றது. 2020-இல் டிரம்ப்புக்கு 62 சதவீதம் தந்த தெற்கு டகோட்டா, பொதுப் பயன்பாட்டுக்கும் 54 சதவீதம் தந்தது. பெரும் எண்ணிக்கையிலான வாக்காளர்கள் இரண்டுக்கும் ‘ஆம்’ போட்டிருந்தால் ஒழிய இது நடக்காது. ஆனால் ஆளுநர் கிறிஸ்டி நோயம் ஆதரித்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. மிசிசிப்பியிலும் 2021-இல் நீதிமன்றமே வாக்கெடுப்பை வீழ்த்தியது. யூட்டாவில் மக்கள் ஏற்றதைச் சட்டமன்றம் சில வாரங்களில் மாற்றி எழுதியது. மூன்று இடங்களிலும் இதற்காகப் பதவி இழந்த தலைவர் யாருமில்லை.

கோரி கார்ட்னரின் கதை இதை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. 2018 ஜனவரியில் ஒன்றியச் சட்ட அமைச்சர் ஜெஃப் செஷன்ஸ், மாநிலக் கஞ்சாச் சட்டங்களில் தலையிடாதிருக்க 2013-இல் வகுத்த வழிகாட்டுதலை இரத்து செய்தார். கொலராடோவின் குடியரசுக் கட்சி செனட்டரான கார்ட்னர், தன் கட்சி அரசின் சட்டத்துறை நியமனங்களையே தடுத்து நிறுத்தி, டிரம்ப்பிடம் உறுதிமொழி பெற்றார். மாநிலச் சட்டத்துக்காக அவ்வளவு துணிந்த செனட்டர்கள் சிலரே. 2020-இல் கொலராடோ மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். வென்றவர், திருத்தம் 64-ஐ எதிர்த்த அதே ஹிக்கன்லூப்பர். வாக்காளர்கள் செனட்டரைத் தேர்ந்தெடுத்தபோது கட்சியைப் பார்த்தார்கள், டிரம்ப்பைப் பார்த்தார்கள். கஞ்சா அந்தத் தராசில் ஏறவே இல்லை.

காலப் அமைப்பின் கணிப்பில் 1969-இல் சட்டபூர்வமாக்கலை ஆதரித்தவர்கள் 12 சதவீதம். 2023-இல் 70 சதவீதம். இவ்வளவு ஆதரவுள்ள கோரிக்கையை நாடாளுமன்றம் சட்டமாக்காததற்கு, அதை மறுப்பதால் இழப்பு எதுவும் இல்லை என்று உறுப்பினர்கள் கண்டுகொண்டதே முதன்மைக் காரணம் என்பேன். 2022 அக்டோபரில் ஜோ பைடன், ஒன்றியச் சட்டத்தின்கீழ் கஞ்சா வைத்திருந்ததற்காக மட்டும் தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அது நிர்வாக நடவடிக்கை. சட்டம் அப்படியே இருந்தது.

இதற்கிடையே பணத்தின் நிறமும் மாறிவிட்டது. 1996-இல் நன்கொடையாளர்கள் கொள்கைக்காகக் கொடுத்தார்கள். 2015-இல் ஒஹாயோவில், பத்து நிலங்களில் மட்டுமே வணிகச் சாகுபடி என்று முதலீட்டாளர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட வரைவை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நிராகரித்தார்கள். எட்டாண்டு கழித்து அந்த ஏகபோகம் இல்லாத வரைவை அதே மாநிலம் ஏற்றது. 2024-இல் புளோரிடாவில் ட்ருலீவ் என்ற மருத்துவக் கஞ்சா நிறுவனம், பொதுப் பயன்பாட்டை அனுமதிக்கும் திருத்தம் 3-க்காகப் பத்துக் கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் அரசு இயந்திரத்தையே எதிர்ப்பில் இறக்கினார். அம்மாநில வாக்காளரான டிரம்ப், தான் ஆதரித்து வாக்களிக்கப்போவதாக அறிவித்தார். கமலா ஹாரிஸும் நாடு முழுவதும் சட்டபூர்வமாக்குவதாக உறுதியளித்தார்; 2010-இல் கலிபோர்னிய முன்மொழிவை எதிர்த்தவர் அவர். இரு பெரும் கட்சிகளின் வேட்பாளர்களும் கஞ்சாக் கேள்வியில் ஆதரவுப் பக்கம் நின்றது புதுமை.

திருத்தம் 3-க்கு 55.9 சதவீதம் கிடைத்தது. கொலராடோவில் வெல்லப் போதுமாக இருந்த அளவு புளோரிடாவில் போதவில்லை. அங்கே அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும். அந்த 60 சதவீத விதியை 2006-இல் மக்கள் ஏற்றபோது அதற்குக் கிடைத்த ஆதரவு 58 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, 2024 தேர்தலில் பெரும்பான்மை வாக்காளர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும், மருத்துவ அனுமதி இல்லாமல் 20 கிராம் கஞ்சா வைத்திருந்தால் புளோரிடாவில் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம் என்ற சட்டம் நின்றது.