பாம்பன் வீதிப்பாலமும் பாதியில் முடிந்த இருப்புப்பாதையும்

சிலாபத்துக்கு ரயில் வந்தது 1916இல். நீர்கொழும்பிலிருந்து கரையோரமாக வடக்கே நீண்ட அந்தப் பாதை, பத்து ஆண்டுகள் கழித்து 1926இல் புத்தளத்தை எட்டியது. அதற்கு அப்பால் மன்னார் வரை அது போகவேயில்லை. தேங்காய்க்கும் கொப்பறாவுக்கும் அவ்வளவு தூரம் போதுமாக இருந்தது. மன்னாருக்கான இருப்புப்பாதையை ஆங்கிலேயர் வேறு வழியாக, மதவாச்சியிலிருந்து காட்டை ஊடறுத்து, 1914இலேயே அமைத்து முடித்திருந்தனர். அதன் தேவையும் வேறு. தபால், வணிகம் என்று பல சொல்லலாம். ஆனால் மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், அந்த ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வரவேண்டும் என்பதை விட்டுவிட்டு அந்தப் பாதையைப் பற்றிப் பேச முடியாது.

எதிர்க்கரையில் பாம்பன் ரயில் பாலம் 1914 பெப்ரவரி 24ஆம் திகதி திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளம். நடுவில் கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் பகுதி, அமெரிக்கப் பொறியியலாளர் ஷெர்சரின் முறைப்படி அமைந்தது. அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீற்றர் கப்பல், பிறகு கொழும்பு வரை மறுபடியும் ரயில். 'போட் மெயில்' என்று இரு கரையிலும் சொன்னது இதைத்தான். அதில் முதல் வகுப்பில் போனவர்களின் நினைவுக் குறிப்புகள் ஏராளம். மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பின்னரே கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்கள் எழுதிவைத்த குறிப்புகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம் என்பது இன்று பலருக்குத் தெரியாது.

1964ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு சம்பவங்கள் இரண்டு மாதங்களுக்குள் நடந்தன. ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு பிரதமர்களும் உடன்பட்டனர். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. டிசெம்பர் 22ஆம் திகதி இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன 653ஆம் இலக்க ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. பாம்பன் பாலத்தின் 126 உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பின்னாளில் டில்லி மெட்ரோவால் புகழ்பெற்ற இ. ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியியலாளர். அவருடைய பொறுப்பில் 46 நாட்களில் பாலம் மீண்டும் இயங்கியது. தனுஷ்கோடிப் பாதை மட்டும் கைவிடப்பட்டது. மணலுக்குள் அது புதைந்து கிடக்க, ரயில் இராமேசுவரத்தோடு நின்றுகொண்டது.

கப்பலும் இராமேசுவரத்துக்கு இடம் மாறியது. 'இராமானுஜம்' என்ற கப்பலில் ஒப்பந்தப்படி 'தாயகம் திரும்பியவர்கள்' வந்திறங்கினர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள். திரும்புவதற்கு அவர்களுக்கு அங்கே எந்த ஊரும் இருக்கவில்லை. பாட்டனைக் கொண்டுபோன அதே பாலத்தால் பேரன் வந்தான், அதே மண்டபம் முகாமுக்கு. 1984இல் போர்ச் சூழலில் கப்பல் சேவை நின்றது.

வீதிப்பாலம் திறக்கப்பட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1988 ஒக்டோபர் 2ஆம் திகதி. ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். தாயார் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2.3 கிலோமீற்றர் நீளமான அந்தக் கொங்கிரீட் பாலத்தைக் கட்டி முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. உப்புக் காற்று இரும்பை அரிக்கும் இடங்களில் உலகிலேயே மோசமானவற்றுள் ஒன்று பாம்பன். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் அது விட்டுவைப்பதில்லை. நடுப்பகுதியை உயர்த்திக் கட்டியதால் கப்பலுக்காகத் திறக்க வேண்டியதில்லை. பாம்பனைப் பற்றி எழுதுகிறவர்கள் ரயில் பாலத்தில் மயங்கி இதை ஒரு வரியில் கடந்துவிடுவதை நான் ஏற்பதில்லை. 74 ஆண்டுகளாக வீதி மண்டபத்தோடு முடிந்திருந்த நிலையை மாற்றியது இதுதான். பிரசவத்துக்கும் அவசர வைத்தியத்துக்கும் ரயில் நேரத்தைப் பார்த்திருந்த தீவு மக்களுக்கு ஷெர்சரின் அழகைவிட இந்தக் கொங்கிரீட் பெரிது.

ஆயினும் அது வந்து சேர்ந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். அக்கரைக்குப் போகும் கப்பல் இல்லை. தனுஷ்கோடியில் தண்டவாளம் இல்லை. இலங்கைக்கென்று போடப்பட்ட பாதையின் அருகில், இலங்கைக்கான வழி அடைபட்ட பிறகு கட்டப்பட்ட பாலம் அது. அதன் மேல் பேருந்தை நிறுத்தி, கீழே ரயில் பாலத்தைப் பார்ப்பது யாத்திரிகர் வழக்கமாயிற்று. அந்தப் பழைய பாலத்திலும் 2022 டிசெம்பரில் ரயில் நின்றது. தூக்குப் பாலத்துடன் கூடிய புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி திறக்கப்பட்டது.

இலங்கைப் பக்கத்தில் 1990இல் போரால் நின்ற தலைமன்னார்ப் பாதை மீளப் போடப்பட்டு, 2015 மார்ச் 14ஆம் திகதி இறங்குதுறை வரை ரயில் வந்தது. தனுஷ்கோடிப் பாதையை மீண்டும் போடுவதற்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை. இரு நாடுகளுக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டது. அது நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு.